2பி கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது?

கேள்வி: ஹூஸ்டனில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். எந்த மருத்துவமனையிலும் ஊழியர் இல்லை. ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறேன். ஆண்டு முடிவில், எனக்குக் கொடுத்த பணத்தைச் சொல்லும் 1099-என்இசி வரும், வரிப் படிவத்தோடு இணைக்கும் தொழில் கணக்கான ஷெட்யூல் சி-யில் கணக்குக் காட்டுவேன். கம்பெனி, எல்எல்சி எதுவும் கிடையாது. 2019-ல் சோலோ 401(கே) என்ற ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தொடங்கினேன். அதில் நான் ஒருத்திதான். 2023 முடிவில் 2,63,000 டாலர் இருந்தது. 2024 முடிவில் 3,31,000 டாலர். சென்ற மாதம் உடன் பணிபுரியும் ஒருவர், "இரண்டரை லட்சம் தாண்டினால் 5500-ஈஇசட் படிவம் அனுப்ப வேண்டுமே, அனுப்பினீர்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு படிவம் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். எடுத்துப் பார்த்தால் 2பி என்ற கட்டத்தில் ஈஐஎன் (முதலாளி அடையாள எண்) கேட்கிறது. என்னிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது. கணக்கு திறந்தபோது திட்டத்தின் டிரஸ்ட்டுக்கென்று வாங்கிய ஒரு எண்ணும் இருக்கிறது. எதை எழுதுவது? 2023-க்கு அனுப்பாமல் விட்டதற்கு என்ன ஆகும்? என் தோழி இரண்டு ஆண்டுகளாக டிரஸ்ட் எண்ணைத்தான் எழுதி அனுப்புகிறாராம், ஒன்றும் ஆகவில்லையாம். நானும் அப்படியே செய்யலாமா? என் வருமான வரிப் படிவமான 1040-ஐ ஏப்ரலிலேயே தாக்கல் செய்துவிட்டேன்.

— ஒரு மருத்துவர், ஹூஸ்டன், டெக்சாஸ் (ஜூன் 2025)

பதில்: அன்புள்ள டாக்டருக்கு,

இரண்டும் இல்லை. அந்தக் கட்டத்தில் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வரக் கூடாது, டிரஸ்ட்டின் எண்ணும் வரக் கூடாது. அங்கே கேட்பது முதலாளியின் எண். அந்த முதலாளி நீங்கள்தான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், முதலாளி என்ற முறையில் உங்களுக்கு இன்னும் எண்ணே இல்லை என்று தோன்றுகிறது.

"எனக்குக் கீழே ஒருவர்கூட வேலை செய்யவில்லையே, நான் எப்படி முதலாளி?" என்று கேட்பீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 401(கே) என்பது முதலாளி தன் தொழிலாளிக்கு ஏற்படுத்தித் தரும் திட்டம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அந்த வசதி வேண்டுமென்றால் ஒருவரே இரண்டு வேடமும் கட்டியாக வேண்டும். நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2024-ல் தொழிலாளியாக 23,000 டாலர் வரை போட அனுமதி இருந்தது. அதற்கு மேல் நிகர வருமானத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் போட்டிருப்பீர்களே, அது முதலாளி போட்ட பங்கு. பணம் போடும்போது முதலாளி வேடம் பிடித்திருந்தது. படிவம் நிரப்பும்போது அதை மறந்துவிடுகிறோம்.

ஆக, உங்கள் விஷயத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். முதலாமவர், 1040 தாக்கல் செய்யும் தனிநபரான நீங்கள். அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண். இரண்டாமவர், திட்டத்தை ஏற்படுத்திய முதலாளியான நீங்கள். அவருக்கு ஈஐஎன். மூன்றாமவர் திட்டத்தின் டிரஸ்ட். பணம் சட்டப்படி அதன் கையில் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு ஈஐஎன். 5500-ஈஇசட் படிவத்தின் 2ஏ வரியில் முதலாளியின் பெயர், 2பி-யில் அந்த முதலாளியின் எண். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதாதீர்கள், ஈஐஎன் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள் என்று படிவத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது குழப்புவதில் வியப்பில்லை. அங்கே சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு எல்லாம் பான் எண்தான். ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்து எழுத்துகளுக்கு நடுவிலும் அதே பான் எண்தான் உட்கார்ந்திருக்கும். பிறருக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடித்தால்தான் டான் என்ற தனி எண் தேவைப்படும். இங்கே அமெரிக்காவிலும் தனியாள் தொழிலுக்குப் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே போதும், அதனால் பல ஆண்டுகள் வேறு எண்ணின் நினைப்பே வராது. விதிவிலக்காகச் சில இடங்கள் இருக்கின்றன: சம்பள வரிப் படிவம், கலால் வரிப் படிவம், இப்படிப்பட்ட ஓய்வூதியத் திட்டம். நீங்கள் மூன்றாவதில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஷெட்யூல் சி-யை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். மேலே பெயருக்கு வலப்புறம் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும். அதற்குக் கீழே ஏ, பி, சி என்று வரிசையாக வந்து, டி என்ற கட்டம் ஈஐஎன் கேட்கும். உங்களுடையதில் அது காலியாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் இருப்பதைப் பார்த்தால், அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் இரண்டையும் ஒன்றாக நினைக்கவில்லை என்பது விளங்கும். தகுதி பெற்ற ஓய்வூதியத் திட்டம் இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். 2019 முதல் அது காலியாக இருந்ததற்காகப் பழைய 1040-களைத் திருத்தப் புறப்படாதீர்கள். வரித் தொகை மாறப்போவதில்லை. அடுத்த ஆண்டிலிருந்து நிரப்பினால் போதும்.

இரண்டும் ஒன்பது இலக்கம் என்பதுதான் வினையே. சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து எழுதுவார்கள். ஈஐஎன்னை இரண்டு, ஏழு என்று. நடுவிலிருக்கும் கோட்டை எடுத்துவிட்டால் எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது. ஐஆர்எஸ்ஸிடம் தனிநபர்களுக்கு ஒரு பேரேடு, தொழில்களுக்கு வேறொரு பேரேடு, ஓய்வூதியத் திட்டங்களுக்கு மூன்றாவதாக ஒன்று. 2பி-யில் எழுதுவதை அவர்கள் ஈஐஎன்னாகத்தான் படிப்பார்கள். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் அதே ஒன்பது இலக்கம் ஒஹாயோவில் ஏதோ ஒரு பேக்கரியின் ஈஐஎன்னாக இருந்தால், உங்கள் மூன்றேகால் லட்சம் டாலர் அந்த பேக்கரிக்காரரின் பக்கத்தில் போய் உட்காரும். உங்கள் பக்கம் வெறுமையாகக் கிடக்கும்.

புது எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு நிமிடம். உங்களிடம் ஏற்கெனவே ஓர் ஈஐஎன் இருக்கிறதா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். தனியாள் தொழில் செய்கிறவருக்கு ஐஆர்எஸ் தருவது ஒரே ஒரு ஈஐஎன். எத்தனை தொழில் செய்தாலும், பெயரை மாற்றினாலும், ஊரை மாற்றினாலும் அதேதான். சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போலவே ஒரு பல் மருத்துவர் என்னிடம் வந்தார். "ஈஐஎன் வாங்கியதே இல்லை" என்று உறுதியாகச் சொன்னார். இணையத்தில் விண்ணப்பித்தோம்; ஏற்க மறுத்துவிட்டது. இரண்டாம் முறையும் மறுத்தது. பிறகு அவருடைய கணவர் பழைய கோப்புகளைக் குடைந்ததில் "ஆயா" என்று தமிழில் எழுதிய ஒரு கோப்பு அகப்பட்டது. குழந்தை பிறந்த ஆண்டில் வீட்டோடு ஓர் அம்மாவை வைத்துக்கொண்டு, அவருக்கான வரியை ஷெட்யூல் எச்-சில் கட்டியிருக்கிறார்கள். அதற்காக மனைவியின் பெயரில் வாங்கிய ஈஐஎன், சிபி 575 என்று தலைப்பிட்ட கடிதத்தில், சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே நான்காய் மடித்தபடி இருந்தது. குழந்தைக்கு அப்போது பதினோரு வயது. அந்த எண்ணையே 5500-ஈஇசட்டில் எழுதினோம்.

அப்படி ஏதாவது நினைவுக்கு வந்து, தாள் மட்டும் கிடைக்கவில்லை என்றால், ஐஆர்எஸ்ஸின் தொழில் பிரிவை 800-829-4933 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள். நீங்கள்தான் என்று சரிபார்த்துக்கொண்டு எண்ணைச் சொல்வார்கள். 147சி என்ற உறுதிக் கடிதத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். காத்திருப்பு இசை கொடுமை. காலையிலேயே அழைப்பது நல்லது.

இல்லையென்று உறுதியானால் எஸ்எஸ்-4 விண்ணப்பம். ஐஆர்எஸ் தளத்தில் இணையவழியே செய்யலாம், அப்போதே எண் கிடைத்துவிடும். காசு கிடையாது. தேடுபொறியில் தேடினால் ஐஆர்எஸ் போலவே நீலமும் கழுகுமாக வேடம் போட்ட தளங்கள் முன்னால் வந்து நின்று கட்டணம் கேட்கும். அவர்கள் செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான். விண்ணப்பத்தில் எந்த வகை என்று கேட்கும் இடத்தில் தனியாள் தொழில் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரஸ்ட் என்பதும் திட்ட நிர்வாகி என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. "ஓய்வூதியத்துக்காகத்தானே வாங்குகிறோம்" என்று கை அங்கே போகும். போக விடாதீர்கள். ஓய்வூதியம் வர வேண்டிய இடம் அடுத்த கேள்வி: எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள் என்பது. அங்கே ஓய்வூதியத் திட்டம் ஏற்படுத்தியதாகச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, பெயர். இணைய விண்ணப்பம் நீங்கள் தரும் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் அரசுப் பதிவோடு ஒப்பிடும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், மருத்துவ உரிமத்தில் கணவர் பெயர் கடைசியில், வேறெங்கோ முதலெழுத்து மட்டும். விசாவில் ஒரே பெயராக வந்துவிட்டவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்று, பெயர் தெரியாது என்ற பொருளில் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் எது சரி என்ற ஆராய்ச்சி வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். தனியாள் தொழிலுக்கு ஐஆர்எஸ் அடையாளமாகப் பிடித்துக்கொள்வது அந்தக் கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை. அதே பெயரைத்தான் 2ஏ-விலும் எழுத வேண்டும். மருத்துவமனையில் எல்லோரும் உங்களை எப்படி அழைக்கிறார்கள் என்பது இங்கே செல்லாது. இணையம் ஏற்கவே மாட்டேன் என்றால் எஸ்எஸ்-4 தாளை நிரப்பி ஃபேக்ஸில் அனுப்பலாம், சில வேலை நாட்களில் பதில் வரும். தபாலில் அனுப்பினால் நான்கு வாரம்.

எண் கையில் வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். புது ஈஐஎன் ஐஆர்எஸ்ஸின் நிரந்தரப் பதிவில் ஏற இரண்டு வாரம்வரை ஆகலாம். அதற்கு முன் மின்வழியில் எதையாவது அனுப்பினால் திரும்பி வரக்கூடும். ஆகவே இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தம் தருகிறவர்களிடம் உங்கள் வரி எண்ணைச் சொல்லிக் கொடுத்திருக்கும் டபிள்யூ-9 படிவத்தை மாற்ற வேண்டுமா? வேண்டாம். தனியாள் தொழில் செய்கிறவர் அதில் இரண்டில் எந்த எண்ணையும் தரலாம். இருப்பதே இருக்கட்டும். புது எண் வாங்கியதால் வருமான வரியும் எங்கும் நகர்ந்துவிடாது, உங்கள் 1040-க்குள்ளேயேதான் இருக்கும்.

அப்படியென்றால் டிரஸ்ட் எண் எதற்கு? அதுவும் வீணில்லை. முதலீட்டுக் கணக்கு அந்தப் பெயரிலும் எண்ணிலும் இருப்பதால், வட்டியும் ஈவுத்தொகையும் உங்கள் சொந்த வருமானத்தோடு கலப்பதில்லை. நாளைக்குத் திட்டத்திலிருந்து பணம் எடுத்தால் 1099-ஆர் தர வேண்டும், வரி பிடித்தால் படிவம் 945 அனுப்ப வேண்டும். அங்கே அந்த எண்ணைப் பயன்படுத்தலாம். அதுவரை கோப்பில் தூங்கட்டும். அந்தத் தாளின் மேல் பென்சிலால் "திட்டத்தின் பணம், 2பி-க்கு அல்ல" என்று எழுதி வையுங்கள். நான் என் வாடிக்கையாளர்களின் தாள்களில் அப்படித்தான் எழுதுகிறேன்.

2பி-க்கு மேலே 1பி என்று ஒரு சின்னக் கட்டம், மூன்று இலக்கம். அது திட்ட எண். உங்களுக்கு இது முதல் திட்டம் என்றால் 001. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஈஐஎன்னின் ஒன்பது இலக்கமும் இந்த மூன்றும் சேர்ந்த பன்னிரண்டு இலக்கம்தான் உங்கள் திட்டத்தின் அடையாளம். ஆண்டுக்கு ஆண்டு அது மாறவே கூடாது. பின்னால் இந்தத் திட்டத்தை மூடிவிட்டு வேறொன்று தொடங்கினால் அதற்கு 002. மூடிய திட்டத்தின் 001-ஐ மறுபடி எடுக்கக் கூடாது.

இனி 2023. உங்கள் நண்பர் சொன்ன இரண்டரை லட்சம் சரிதான்: ஆண்டு முடிவில் திட்டத்தின் மொத்தச் சொத்து 2,50,000 டாலரைத் தாண்டினால் படிவம் கட்டாயம். உங்களுடையது 2,63,000. காலண்டர் ஆண்டுத் திட்டத்துக்குக் கடைசி நாள் அடுத்த ஜூலை 31. ஆக 2024 ஜூலை 31-க்குள் போயிருக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் நாளொன்றுக்கு 250 டாலர், ஒரு படிவத்துக்கு உச்சவரம்பு 1,50,000 டாலர். நாளுக்கு 25 டாலராக இருந்ததை 2019-ல் வந்த செக்யூர் சட்டம் பத்து மடங்காக்கியது. இந்த ஜூன் நடுப்பகுதிவரை எண்ணினால் ஏறத்தாழ 320 நாள், 80,000 டாலர். ஒரு ரூபாய் வரிகூட பாக்கியில்லாத, வெறும் தகவல் சொல்லும் படிவத்துக்கு இந்த அபராதம். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

ஆனால் நீங்கள் 80,000 கட்டப்போவதில்லை. வருவாய் நடைமுறை 2015-32 என்ற பெயரில் தாமதக்காரர்களுக்கு ஐஆர்எஸ் ஒரு சலுகைத் திட்டம் வைத்திருக்கிறது. உங்களைப் போல உரிமையாளரும் துணைவரும் மட்டுமே இருக்கும் திட்டங்களுக்காகவே ஏற்பட்டது அது. தாமதமான ஒவ்வொரு படிவத்துக்கும் 500 டாலர், ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 1,500. உங்களுக்கு ஓர் ஆண்டுதான் தவறியிருக்கிறது, ஆகவே 500. ஒரே நிபந்தனையை மட்டும் கவனியுங்கள்: அபராதம் விதித்து சிபி 283 என்ற கடிதம் வந்துவிட்டால் இந்தக் கதவு சாத்தப்படும். உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் கடிதத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

இதை மின்வழியில் செய்ய முடியாது. 2023-க்கான படிவத்தையே எடுத்துத் தாளில் நிரப்ப வேண்டும். 2024 படிவத்தில் ஆண்டை அடித்துத் திருத்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். முதல் பகுதியில் இது திட்டத்தின் முதல் படிவம் என்ற கட்டத்தையும், தாமதச் சலுகைத் திட்டத்தின் கீழ் அனுப்புவதற்கான கட்டத்தையும் குறியிடுங்கள். 1சி-யில் திட்டம் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுத் தேதி. 2டி-யில் தொழில் குறியீடு, ஷெட்யூல் சி-யில் எழுதும் அதே ஆறு இலக்கம். மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் 621111. நிர்வாகி யார் என்று கேட்கும் 3ஏ-யில், அதுவும் முதலாளியே என்பதற்கு "சேம்" என்ற ஒரு சொல் போதும். மேலே இந்தச் சலுகைக்கான முகப்புத் தாளான படிவம் 14704-ஐ வைத்து, அமெரிக்கக் கருவூலத்தின் பெயருக்கு 500 டாலர் காசோலையுடன், 14704-ன் குறிப்பில் இருக்கும் யூட்டா மாநிலத்து ஆக்டன் முகவரிக்கு அனுப்புங்கள். 14704-லும் ஈஐஎன் கேட்கும். புது எண்ணை 2023 படிவத்தில் எழுதலாமா என்ற தயக்கம் வேண்டாம். எண் எப்போது கிடைத்தாலும் முதலாளி அதே ஆள்தான். மன்னிப்புக் கடிதம் எழுதிச் சேர்க்காதீர்கள். அங்கே அதைப் படித்து உருகுகிறவர் யாரும் இல்லை.

2024-க்கு இன்னும் காலம் இருக்கிறது: வரும் ஜூலை 31, வியாழக்கிழமை. இதைத் தாளிலும் அனுப்பலாம், இஃபாஸ்ட்-2 என்ற தளத்தில் மின்வழியிலும் அனுப்பலாம். நான் மின்வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் பெற்றுக்கொண்டதற்கான சான்று உடனே கிடைக்கும். 1040-க்கு நீங்கள் கால நீட்டிப்பு வாங்கியிருந்தால், அக்டோபர் 15 வரை இதற்கும் தானாகவே அவகாசம் வந்திருக்கும். ஏப்ரலிலேயே முடித்துவிட்டதால் அந்த வழி இல்லை. அவகாசம் வேண்டுமென்றால் ஜூலை 31-க்குள் படிவம் 5558 அனுப்ப வேண்டும். அதிலும் முதலில் கேட்பது ஈஐஎன்தான்.

உங்கள் வரிக் கணக்கர் கேட்காமல் விட்டதைப் பற்றி ஒரு சொல். நீங்கள் போட்ட தொகையை அவர் 1040-ன் முதலாம் ஷெட்யூலில் பதினாறாம் வரியில் கழித்துக் காட்டியிருப்பார். அதற்கு இந்த ஆண்டு எவ்வளவு போட்டீர்கள் என்று தெரிந்தால் போதும். மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை. ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கு என்றால் படிவம் 5498 ஆண்டுதோறும் இருப்பைச் சொல்லிவிடும். சோலோ 401(கே)-க்கு அப்படி ஒரு தாளும் கிடையாது. இரண்டரை லட்சத்தை யாருமே பார்க்காமல் தாண்டிவிட முடிகிறது. அவரைக் கோபித்துக்கொள்வதைவிட, ஜனவரியில் அவருக்கு அனுப்பும் கட்டில் டிசம்பர் 31 இருப்பு அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். உங்கள் கணவர் கணக்கு வழக்குகளைப் பார்த்துச் சம்பளம் வாங்கினால் அவரையும் திட்டத்தில் சேர்க்கலாம், இதே படிவம்தான். தகுதி பெறும் வேறொரு ஊழியர் சேர்ந்தால் 5500-ஈஇசட் பொருந்தாது, அது வேறு படிவம், வேறு விதிகள். இரண்டாவது, என்றாவது எல்எல்சி தொடங்கினால், முதலில் திட்ட ஆவணத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஆவணத்தை மாற்றாமல் படிவத்தில் மட்டும் எல்எல்சி-யின் எண்ணை எழுதத் தொடங்கினால், மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

அதே ஆவணத்தை இப்போதும் ஒருமுறை புரட்டுங்கள். 2019-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் முதலாளியின் வரி எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்திருக்கும். அதில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ டிரஸ்ட் எண்ணையோ எழுதியிருந்தால், கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் சொல்லி முதலாளியின் ஈஐஎன்னைப் பதியச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் தோழி. "ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். இதுவரை ஆகவில்லை என்பதே சரி. டிரஸ்ட் எண்ணும் 001-ம் சேர்ந்த பன்னிரண்டு இலக்கத்தில் அவருடைய திட்டம் பதிவாகியிருக்கிறது. அவரும் தவறாமல் அதையே எழுதுவதால் இயந்திரத்துக்குச் சந்தேகம் வரவில்லை. என்றைக்காவது ஒரு புதுக் கணக்கர் வந்து, சரியான ஈஐஎன்னை எழுதி அனுப்பும்போதுதான் சிக்கல். ஐஆர்எஸ்ஸின் கண்ணுக்குப் பழைய திட்டம் திடீரென்று படிவம் அனுப்பாமல் நின்றுபோயிருக்கும். அதைத் தேடி, படிவம் எங்கே என்று கேட்டு சிபி 403 கடிதம் வரும். நாளுக்கு 250 டாலர் என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

இதற்கென்றே படிவத்தில் நான்காம் வரி இருக்கிறது. முதலாளியின் பெயரோ ஈஐஎன்னோ திட்டத்தின் பெயரோ சென்ற படிவத்திலிருந்து மாறியிருந்தால், முன்பு எழுதியதை அங்கே குறிப்பிட வேண்டும். அவர் இந்த ஆண்டு 2பி-யில் தன் சரியான ஈஐஎன்னை எழுதட்டும். நான்காம் வரியில் பழைய பெயர், டிரஸ்ட்டின் எண், திட்டத்தின் பெயர், 001 ஆகியவற்றை எழுதட்டும். முந்தைய இரண்டு ஆண்டுப் படிவங்களையும் திருத்தி அனுப்புவது இன்னொரு வழி. என் அனுபவத்தில் நான்காம் வரியே போதுமானதாக இருந்திருக்கிறது. அவரும் ஏப்ரலிலேயே 1040-ஐ முடித்திருந்தால் அவருக்கும் ஜூலை 31-தான்.